நிலைத்த திசுக்களைக் கண்ணால் பார்த்து அறிய: தொடக்கநிலையினருக்கான வழிகாட்டி

பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா என்னும் மூன்று பெயர்களையும் பள்ளியிலேயே படித்துவிட்டு, கல்லூரிக்கு வந்த பின்பும் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றி எழுதும் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவாற்றலில் குறை ஏதும் இல்லை. பெயரும் படமும் முதலில் கற்பிக்கப்பட்டு, பொருள் கடைசிவரை காட்டப்படாமலே போய்விடுவதுதான் காரணம். இந்தத் திசுக்கள் அனைத்தும் சமையலறையிலும் கொல்லைப்புறத்திலும் நாள்தோறும் நம் கையில் படுபவை. ஒருமுறை வெட்டிப் பார்த்துவிட்டால் பாடநூலின் அட்டவணை தானாகவே மனத்தில் நிற்கும். ஆகவே இக்கட்டுரையை அருகில் ஒரு சவரக் கத்தித் தகடும் ஒரு துண்டு உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

தாவரத்தின் தண்டு நுனியிலும் வேர் நுனியிலும் இடைவிடாமல் பகுப்படைந்துகொண்டிருக்கும் செல்களின் தொகுதி ஆக்குத்திசு எனப்படுகிறது. அங்கே பிறக்கும் செல்களில் பெரும்பாலானவை சிறிது காலத்தில் பகுப்படைவதை நிறுத்தி, குறிப்பிட்ட ஒரு வடிவத்தையும் குறிப்பிட்ட ஒரு வேலையையும் ஏற்றுக்கொள்கின்றன. அவ்வாறு வடிவமும் பணியும் நிலைபெற்ற செல்களின் தொகுதியே நிலைத்த திசு. ஒரே வகைச் செல்களால் ஆனது எளிய திசு. பல வகைச் செல்கள் கூடி ஒரே பணியைச் செய்தால் அது கூட்டுத்திசு. எளிய திசுவில் பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா ஆகிய மூன்றும், கூட்டுத்திசுவில் நீரைக் கடத்தும் சைலம், உணவைக் கடத்தும் ஃபுளோயம் ஆகிய இரண்டும் அடங்கும்.

‘நிலைத்த’ என்ற அடைமொழியை மிகக் கண்டிப்பாகப் பொருள் கொள்ள வேண்டாம். உயிருள்ள பாரன்கைமா செல்கள் தேவை ஏற்படும்போது மீண்டும் பகுப்படையத் தொடங்கும். கிளையை வெட்டிய இடத்தில் காயம் ஆறுவதும், பதியமிட்ட கொம்பில் வேர் விடுவதும் இதனால்தான். 1958 இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவர்டும் அவருடைய குழுவினரும் கேரட் கிழங்கின் ஃபுளோயம் பகுதியிலிருந்து எடுத்த செல்களை ஊட்டக் கரைசலில் வளர்த்து, அவற்றிலிருந்து முழுச் செடிகளையே உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் ஸ்கிளிரன்கைமா நார்களுக்கும் சைலக் குழாய்களுக்கும் இப்படித் திரும்பிச் செல்லும் வழி இல்லை. முதிர்ந்த நிலையில் சைலக் குழாய் இறந்துவிட்டது, நார்ச்செல்லும் பெரும்பாலும் அப்படியே.

எந்தத் திசுவைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்டுப் பழகுங்கள். செல்சுவர் எப்படித் தடித்திருக்கிறது? செல் முதிர்ந்த பின்னும் உயிரோடு இருக்கிறதா? தாவர உடலில் அது எந்த இடத்தில் இருக்கிறது? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் பெயரும் பணியும் தாமே வந்து சேரும். சுவர் மெல்லியது, உயிருள்ளது, எங்கும் பரவியிருப்பது என்றால் அது சேமிக்கவோ உணவு தயாரிக்கவோ ஏற்ற திசு என்று ஊகிக்கலாம். சுவர் முழுவதும் தடித்தது, உயிரற்றது என்றால் அதன் வேலை தாங்குவது அல்லது நீரைக் கடத்துவதாகத்தான் இருக்க முடியும்.

தேவையான பொருள்களும் வெட்டும் முறையும்

புதிய சவரக் கத்தித் தகடு ஒன்று, கண்ணாடி வில்லைகள், மூடு வில்லைகள், மெல்லிய தூரிகை ஒன்று, ஊசி ஒன்று, தண்ணீர் ஊற்றிய சிறு கிண்ணம், சஃப்ரானின் சாயம், கிளிசரின், அயோடின் கரைசல் ஆகியவை போதும். சஃப்ரானின் பள்ளி ஆய்வகங்களிலும் அறிவியல் கருவிகள் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். அயோடின் கரைசல் கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் காயத்துக்குப் போடக் கொடுக்கும் போவிடோன் அயோடினைத் தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். பள்ளியில் உள்ள கூட்டு நுண்ணோக்கி போதுமானது. அது இல்லாதவர்கள் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய, தாளை மடித்துச் செய்யும் ஃபோல்டுஸ்கோப்பைப் பயன்படுத்தலாம். அதன் உருப்பெருக்கம் சுமார் 140 மடங்கு என்பதால் இங்கே சொல்லப்படுவனவற்றில் பெரும்பாலானவற்றை அதிலும் காண முடியும்.

வெட்டுவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. தண்டின் ஒரு துண்டை இடக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நிமிர்த்திப் பிடித்து, கட்டைவிரல் சற்றே தாழ்ந்திருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தகட்டையும் தண்டின் வெட்டுமுகத்தையும் நீரில் நனைத்து, தகட்டை அழுத்தாமல், சாய்வாக ஒரே இழுப்பில் உங்களை நோக்கி இழுங்கள். அறுப்பதற்காக முன்னும் பின்னும் அசைத்தால் செல்கள் கிழிந்துவிடும். மென்மையான இலைக்காம்பையோ மெல்லிய தண்டையோ தனியாகப் பிடிக்க முடியாது. உருளைக்கிழங்கில் ஒரு பிளவு உண்டாக்கி அதற்குள் செருகி, இரண்டையும் சேர்த்து வெட்ட வேண்டும். பத்துப் பதினைந்து சீவல்களை எடுத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அவற்றில் ஏறத்தாழ கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லியதைத் தூரிகையால் எடுங்கள். வட்டம் முழுமையாக வரவேண்டும் என்று கவலைப்படாதீர்கள். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த அரைகுறைச் சீவலின் மெலிந்த ஓரத்தில் தெரியும் செல்கள், தடித்த முழு வட்டத்தில் ஒருபோதும் தெரியாது. சிறுவர்கள் செய்வதாக இருந்தால் வெட்டும் வேலையைப் பெரியவர்களே செய்து கொடுப்பது நல்லது.

சீவலைச் சஃப்ரானினில் இரண்டு மூன்று நிமிடங்கள் வைத்து, நிறம் வெளியேறுவது நிற்கும் வரை தண்ணீரில் கழுவி, வில்லையின் நடுவில் ஒரு சொட்டுக் கிளிசரினில் இடுங்கள். மூடு வில்லையின் ஒரு விளிம்பை முதலில் வைத்து, மறு விளிம்பை ஊசியால் தாங்கி மெதுவாக இறக்கினால் காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்ளா. தடித்த கறுப்பு விளிம்புடன் கச்சிதமான வட்டமாகத் தெரிவது காற்றுக் குமிழே. புதியவர்கள் பலர் அதைச் செல் என்று கருதிப் படம் வரைந்துவிடுகிறார்கள். செல்சுவரை இறுக்கிக் கடினமாக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். சஃப்ரானின் லிக்னின் படிந்த சுவர்களை ஆழ்ந்த சிவப்பாக்கும். லிக்னின் இல்லாத சுவர்கள் நன்கு கழுவிய பின் வெளிறிவிடும். சீவல் முழுவதும் ஒரே சிவப்பாகத் தெரிந்தால் சாயம் மிகுந்துவிட்டது என்று பொருள், மறுபடி கழுவுங்கள். எப்போதும் 10 மடங்குப் பொருளருகு வில்லையிலிருந்து தொடங்கி, இடத்தை அறிந்துகொண்ட பின்பே 40 மடங்குக்கு மாறுங்கள்.

முதல் படி: பாரன்கைமா

உருளைக்கிழங்கிலிருந்து தொடங்குவதே எளிது. ஒரு மெல்லிய சீவலை எடுத்து, சாயம் எதுவும் இடாமல் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். மெல்லிய சுவருடைய பெரிய செல்களும், அவற்றுக்குள் நிறைந்திருக்கும் முட்டை வடிவ மணிகளும் தெரியும். மூடு வில்லையின் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடினை விட்டு, எதிர் ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்து உறிஞ்சினால், மணிகள் ஒவ்வொன்றாகக் கருநீலமாக மாறுவதைக் கண்ணெதிரே காணலாம். அவை ஸ்டார்ச் மணிகள். உணவைச் சேமிக்கும் பாரன்கைமா இதுதான்.

அடுத்து வாழையின் இலைக்காம்பைக் குறுக்கே வெட்டுங்கள். நுண்ணோக்கி தேவையில்லாமலே பெரிய பெரிய காற்றறைகள் வரிசையாகத் தெரியும். குளங்களை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையின் பருத்த காம்பை வெட்டினாலும் இதையே காணலாம். அந்தச் செடி மிதப்பதற்கு இந்தக் காற்றறைகளே காரணம். காற்றிடைவெளி மிகுந்த இந்தப் பாரன்கைமாவுக்கு ஏரன்கைமா என்று பெயர். இலையின் உள்ளே பசுங்கணிகங்கள் நிறைந்து ஒளிச்சேர்க்கை செய்யும் பாரன்கைமா குளோரன்கைமா எனப்படும். சோற்றுக் கற்றாழையின் உள்ளே இருக்கும் வழவழப்பான பகுதி நீரைச் சேமிக்கும் பாரன்கைமா.

பாரன்கைமா வெறும் இடம் நிரப்பும் திசு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியன்று. வாடித் தொங்கும் கீரைக் கட்டை ஒரு மணி நேரம் தண்ணீரில் நிறுத்திவைத்தால் நிமிர்ந்துகொள்கிறது அல்லவா? இளந்தண்டின் பாரன்கைமா செல்கள் நீரை உள்வாங்கி விறைப்படைவதே அந்த நிமிர்வுக்குக் காரணம். கட்டை சேராத செடிகள் நிற்பதில் பாரன்கைமாவின் விறைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டாம் படி: கோலன்கைமா

துளசி அல்லது தும்பைச் செடியின் இளந்தண்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டின் தண்டும் நாற்கோணமாக இருக்கும். பாடநூல்களில் ஊமத்தைத் தண்டு எடுத்துக்காட்டாகத் தரப்படுகிறது. ஊமத்தை நச்சுச் செடி என்பதால், வீட்டில் செய்பவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. நாற்கோணத் தண்டின் குறுக்குச் சீவலை எடுத்து நான்கு மூலைகளையும் கவனியுங்கள். புறத்தோலுக்குச் சற்று உள்ளே, செல்களின் சுவர்கள் ஒரே சீராக அன்றி, செல்கள் ஒன்றோடொன்று சந்திக்கும் கோணங்களில் மட்டும் தடித்து, பளபளப்பான வெண்மையுடன் தெரியும். அந்தத் தடிப்பு செல்லுலோஸும் பெக்டினும் சேர்ந்தது. லிக்னின் அதில் இல்லை. அதனால்தான் சஃப்ரானினைக் கழுவிய பின் அது ஆழ்ந்த சிவப்பாக நிற்பதில்லை.

இந்த ஒரு வேறுபாட்டைக் கைவசப்படுத்திக்கொண்டால் கோலன்கைமாவையும் ஸ்கிளிரன்கைமாவையும் குழப்பிக்கொள்ளவே மாட்டீர்கள். இரண்டும் தாங்கும் திசுக்கள். ஆனால் கோலன்கைமா உயிருள்ளது. தன் சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே நீளவும் வல்லது. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் தண்டுக்குத் தாங்குதலும் வேண்டும், வளர்ச்சியைத் தடுக்காத நெகிழ்வும் வேண்டும். லிக்னின் படிந்த இறுகிய சுவர் அங்கே அமைந்துவிட்டால் அந்தத் தண்டு மேலும் நீள முடியாது. காற்றில் மிகுதியாக ஆடும் செடிகளில் கோலன்கைமாவின் சுவர் கூடுதலாகத் தடிப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. இருவித்திலைத் தாவரங்களின் இளந்தண்டிலும் இலைக்காம்பிலும் இது மிகுதி. வேர்களிலும் ஒருவித்திலைத் தாவரங்களிலும் பொதுவாக இதைக் காண இயலாது. எனவே நெல்லிலோ மக்காச்சோளத்திலோ கோலன்கைமாவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தடிப்பு அமையும் இடத்தைக் கொண்டு கோலன்கைமாவைக் கோண வகை, அடுக்கு வகை, இடைவெளி வகை என்று பிரிப்பார்கள். தொடக்கத்தில் கோண வகையை மட்டும் ஐயமற அடையாளம் காணக் கற்றுக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: ஸ்கிளிரன்கைமா

கொய்யாப் பழத்தைத் தின்னும்போது, விதை தவிர, சதையிலேயே பல்லில் நறநறவென்று படும் துகள்கள் உண்டு. அந்தச் சதையில் ஊசிமுனை அளவு எடுத்து வில்லையில் வைத்து, ஒரு சொட்டுச் சஃப்ரானின் விட்டு, மூடு வில்லையை இட்டு விரலால் மெதுவாக அழுத்துங்கள். மெல்லிய பாரன்கைமா செல்களுக்கு நடுவே சிவந்த செல்கூட்டங்கள் தெரியும். 40 மடங்கில் ஒரு கூட்டத்தை நெருங்கிப் பாருங்கள். ஒவ்வொரு செல்லின் சுவரும் மிகத் தடித்து, உள்வெளி ஒரு சிறு புள்ளியாகவோ கீறலாகவோ சுருங்கியிருக்கும்; அந்த உள்வெளியிலிருந்து சுவரை ஊடுருவி வெளிநோக்கிச் செல்லும் நுண்ணிய கால்வாய்களும் தெரியும். அவை குழிகள், அதாவது சுவர் தடிக்காமல் விடப்பட்ட வழிகள். செல் உயிரோடு இருந்த காலத்தில், சுவர் தடித்துக்கொண்டே வந்தபோதும், பக்கத்துச் செல்லுடன் பொருள் பரிமாற்றம் நிகழ்ந்தது அவற்றின் வழியாகத்தான். இவற்றுக்குக் கல் செல்கள் என்று பெயர். ஸ்கிளிரைடுகள் என்னும் பிரிவைச் சேர்ந்தவை. முதல்முறை பார்ப்பவருக்கு இதைவிடத் தெளிவான ஸ்கிளிரன்கைமா வேறு எங்கும் கிடைக்காது என்பது என் கருத்து. தேங்காய் ஓடு முழுவதும் இத்தகைய செல்கள் நெருங்கி அமைந்ததே. அதை வீட்டில் சீவ இயலாது.

ஸ்கிளிரன்கைமாவின் மற்றொரு வகை நார்கள். இவை நீண்டு, இரு முனையும் கூர்மையாக, லிக்னின் படிந்த சுவருடன் இருப்பவை. தேங்காய் மட்டையிலிருந்து உரித்த ஒரு நாரை எடுத்துப் பார்த்தால், அது ஒரே செல் அன்று, பல நார்ச்செல்கள் சேர்ந்த கட்டு என்பது தெரியும். மட்டையை மாதக்கணக்கில் உப்பங்கழியிலும் நீர்நிலைகளிலும் ஊறப்போடும் பழைய முறையில், நுண்ணுயிர்கள் செல்களை இணைக்கும் பெக்டினைச் சிதைத்துவிடுகின்றன. லிக்னின் படிந்த நார் சிதையாமல் தங்குகிறது. நாரைப் பிரித்த பின் உதிரும் பழுப்புத் தூள்தான், இன்று நாற்றங்கால்களுக்கும் மாடித் தோட்டங்களுக்கும் போகும் நார்க்கழிவு. அது பெரும்பாலும் பாரன்கைமா; அதனால்தான் அவ்வளவு நீரைப் பிடித்து வைக்கிறது. ஒரே மட்டையிலிருந்து வரும் இரு பொருள்களில் ஒன்று கயிறாவதும் மற்றொன்று நீர்தாங்கும் ஊடகமாவதும் திசு வேறுபாட்டின் நேரடி விளைவு. கரும்புச் சக்கையிலும் இதே நிலைதான். சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு கரூர் மாவட்டம் புகழூரில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போன்ற ஆலைகளில், காகிதக்கூழ் ஆக்கும் முன் சக்கையிலுள்ள சோற்றுப் பகுதியாகிய பாரன்கைமாவைப் பிரித்து நீக்குகிறார்கள். காகிதத்துக்கு வலுத் தருவது நார்களே.

இங்கே ஓர் எச்சரிக்கை. வழக்கில் நார் என்று சொல்லப்படும் எல்லாமே ஸ்கிளிரன்கைமா அல்ல. பருத்தி இழை, விதையின் புறத்தோல் செல் ஒன்று நீண்டு வளர்ந்த தூவி; அதன் சுவர் ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸ். சணல் நார் தண்டின் ஃபுளோயப் பகுதியில் அமைந்த உண்மையான ஸ்கிளிரன்கைமா. போட்டித் தேர்வுகளில் இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்பது வழக்கம்.

நான்காம் படி: சைலம்

சைலத்தைப் பார்ப்பதற்கு முன் அது வேலை செய்வதைப் பார்த்துவிடுங்கள். காசித்தும்பைச் செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, தண்டின் அடிப்பகுதியைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டி, உடனே சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்துங்கள். காசித்தும்பையின் தண்டு ஒளி ஊடுருவக் கூடியது; சில மணி நேரத்தில் செந்நிறக் கோடுகள் மேலேறுவதை வெளியிலிருந்தே காணலாம். நிறம் ஏறிய தண்டைக் குறுக்கே வெட்டினால் தண்டு முழுவதும் சிவந்திருக்காது. சில புள்ளிகள் மட்டுமே சிவந்திருக்கும். அந்தப் புள்ளிகளே சைலம். வெள்ளைச் சம்பங்கிப் பூங்கொத்தைச் சாய நீரில் வைத்தாலும் இதழ்களில் நிறம் ஏறும்.

நீரை மேலே தள்ளும் எக்கி எதுவும் தண்டுக்குள் இல்லை. இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகும்போது, மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் தொடரும் நீர்த்தம்பம் இழுக்கப்படுகிறது. டிக்சன், ஜோலி என்னும் இருவர் 1894 இல் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் ஏற்கப்படுகிறது. இழுவிசை இருப்பதால் குழாயின் சுவர் உள்நோக்கி நசுங்கிவிடும் இடர் எப்போதும் உண்டு. லிக்னின் தடிப்பு அதைத் தடுக்கிறது. செல்லுக்குள் உயிர்ப்பொருள் இருந்தால் நீரோட்டத்துக்குத் தடை. ஆகவே செல் இறந்து, உள்ளடக்கம் நீங்கி, வெற்றுக் குழாயாக எஞ்சுகிறது. சுவர், உயிர் ஆகிய இரு கேள்விகளுக்கும் விடை இங்கே பணியோடு முழுமையாகப் பொருந்துவதைக் கவனியுங்கள்.

சைலத்தில் நான்கு கூறுகள் உண்டு: டிரக்கீடுகள், சைலக் குழாய்கள், சைலம் நார்கள், சைலம் பாரன்கைமா. இவற்றுள் சைலக் குழாய்கள் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, இடையிலுள்ள குறுக்குச் சுவர்கள் கரைந்து உண்டானவை. டிரக்கீடுகளில் முனைகள் திறப்பதில்லை, நீர் சுவரிலுள்ள குழிகள் வழியாகவே கடக்கிறது. கொடைக்கானலில் நட்டு வளர்த்த பைன் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரக்கட்டையில் சைலக் குழாய்களே கிடையாது. நீர்க்கடத்தல் முழுவதையும் டிரக்கீடுகள் செய்கின்றன. உலகின் மிக உயரமான மரம் கலிஃபோர்னியாவில் 115 மீட்டருக்கும் மேல் வளர்ந்து நிற்கும் ரெட்வுட் என்னும் ஊசியிலை மரம். அதிலும் டிரக்கீடுகள் மட்டுமே. ஆகவே டிரக்கீடு தாழ்ந்தது, குழாய் உயர்ந்தது என்று எளிதாகத் தரம் பிரித்துவிடக் கூடாது. நான்கில் சைலம் பாரன்கைமா மட்டும் உயிருள்ளது. சைலம் முழுவதும் இறந்த திசு என்று எழுதினால் அது பிழை. தேக்கு, வேம்பு போன்ற மரங்களின் நடுப்பகுதியில் இந்தப் பாரன்கைமாவும் இறந்து, டானின் முதலான பொருள்கள் படிந்த பின்புதான் அந்தக் கட்டையை வைரம் பாய்ந்தது என்கிறோம். அந்தப் பகுதி நீரைக் கடத்துவதில்லை, மரத்தைத் தாங்குகிறது.

சைலத்தின் சுவர்த்தடிப்பைக் கையால் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு, அதை எல்லோருக்கும் நான் வற்புறுத்திச் சொல்வேன். பொரியலுக்கு வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி ஒரு வில்லையை மெதுவாக இழுக்கும்போது, இரு துண்டுகளுக்கும் இடையே மெல்லிய நூல் இழைகள் நீண்டு வரும். அவற்றை விரலில் சுற்றி எடுத்துவிட்டுத்தான் மறு வில்லையை நறுக்குவோம். தாமரைக் காம்பை ஒடித்து இழுத்தாலும் இவ்வாறே நூல் வரும். அந்த இழையில் ஒரு சிறு பகுதியை விரலிலிருந்து எடுத்து, தண்ணீர்ச் சொட்டில் வைத்து, அதிக உருப்பெருக்கத்தில் பாருங்கள். நேரான இழை தெரியாது. சுருள் சுருளாக வளைந்த வில்கம்பிகளே தெரியும். இவை சைலச் செல்களின் உட்சுவரில் சுருளாகப் படிந்திருந்த தடிப்புகள். செல் அறுபட்டதும் சுருள் பிரிந்து நீள்கிறது. தண்டு நீண்டு வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில் உருவாகும் புரோட்டோசைலத்தில் தடிப்பு வளையமாகவோ சுருளாகவோ இருப்பதன் தேவையை இந்த நூலே விளக்கிவிடுகிறது. சுற்றிலுமுள்ள செல்கள் நீளும்போது சுருளும் விரிந்துகொடுக்க வேண்டும். நீட்சி நின்ற பின் உருவாகும் மெட்டாசைலத்தில் அந்தத் தேவை இல்லாததால், சுவர் வலையாகவோ, குழிகளை மட்டும் விட்டு முழுவதுமாகவோ தடிக்கிறது.

ஐந்தாம் படி: ஃபுளோயம்

ஃபுளோயமே தொடக்கநிலையினருக்குக் கடினமானது. செல்கள் சிறியவை, சுவர்கள் மெல்லியவை, சாயமும் எடுப்பாகப் பிடிப்பதில்லை. எனவே முதலில் அதன் பணியை வெளியிலிருந்து அறிந்துகொள்ளுங்கள். கொய்யாவிலும் மாதுளையிலும் விண்பதியம் போடும்போது, கிளையைச் சுற்றி 2 அல்லது 3 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுக்கிறார்கள். பட்டையோடு ஃபுளோயம் போய்விடுகிறது. சைலம் கட்டையில் தங்கிவிடுகிறது. இலைகளுக்கு நீர் தொடர்ந்து செல்வதால் அவை வாடுவதில்லை. ஆனால் இலைகளில் உண்டான சர்க்கரை வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்க முடியாமல், மேல் விளிம்பில் தேங்குகிறது. அந்த இடம் பருத்து, ஈரப் பாசியும் மறைப்பும் கொடுத்தால் அங்கிருந்து வேர் விடுகிறது. உரித்த இடத்தை நன்கு சுரண்டிவிட வேண்டும் என்று தோட்டக்காரர்கள் சொல்வது, பட்டைக்கும் கட்டைக்கும் இடையில் பகுப்படைந்துகொண்டிருக்கும் அடுக்காகிய கேம்பியம் எஞ்சியிருந்தால் பட்டை மீண்டும் வளர்ந்து இணைப்பு திரும்பிவிடும் என்பதற்காகவே.

முதிர்ந்த மரத்தின் அடியில் பட்டையை முழு வளையமாக உரித்தால் வேருக்கு உணவு போகாமல் மரமே காலப்போக்கில் பட்டுப்போகும். ஆனால் தென்னையில், ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டினாலும் மரம் சாவதில்லை. ஒருவித்திலைத் தாவரமான தென்னையில் ஃபுளோயம் பட்டையில் வளையமாக அமையாமல், தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும் வாஸ்குலார் கற்றைகள் (சைலமும் ஃபுளோயமும் சேர்ந்த கட்டுகள்) ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கிறது.

ஃபுளோயத்தின் கூறுகளும் நான்கே: சல்லடைக் குழாய்கள், துணைச்செல்கள், ஃபுளோயம் பாரன்கைமா, ஃபுளோயம் நார்கள். முதிர்ந்த சல்லடைக் குழாய்ச் செல்லில் உட்கரு இல்லை; ஆனாலும் அது உயிருள்ள செல். அருகிலுள்ள துணைச்செல்லின் உட்கருவும் வளர்சிதை மாற்றமும் அதைப் பேணுகின்றன. தென்னை, பனை போன்ற மரங்களில் இந்த உட்கருவற்ற செல்கள் பல பத்தாண்டுகள் பணிபுரிகின்றன என்பது வியக்கத்தக்கது. ஃபுளோயத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கிறது என்பதற்கு அவரைக் கொடியில் ஒட்டியிருக்கும் அசுவினிகளே சான்று. அவை தம் நுண்ணிய ஊசிவாயைச் சரியாகச் சல்லடைக் குழாயில் செலுத்துகின்றன. சர்க்கரைச் சாறு அழுத்தத்தால் தானே உள்ளே பாய்கிறது. மிகுதி இனிப்புக் கழிவாக இலைகளில் வடிந்து எறும்பை வரவழைக்கிறது. 1953 இல் கென்னடியும் மிட்லரும் அசுவினியின் உடலை நீக்கி ஊசிவாயை மட்டும் செடியில் விட்டுவைத்து, அதன் வழியே கசியும் தூய ஃபுளோயச் சாற்றைச் சேகரிக்கலாம் என்று காட்டினார்கள்.

ஆறாம் படி: எல்லாவற்றையும் ஒரே சீவலில் காண்பது

இதுவரை தனித்தனியே பார்த்தவற்றை ஓரிடத்தில் காணப் பூசணிக் கொடியின் தண்டைவிடச் சிறந்தது இல்லை. வெட்டியவுடன் வெட்டுமுகத்தில் சாறு துளித்துச் சற்று நேரத்தில் கூழாக உறையும். அதைக் கழுவிவிட்டுச் சீவுங்கள். வெளியிலிருந்து உள்நோக்கி வாருங்கள். புறத்தோலுக்கு அடியில், தண்டின் மேடுகளில், கோலன்கைமா; அடுத்துப் பாரன்கைமா; அதற்கு உள்ளே தண்டைச் சுற்றிலும் சிவப்பு வளையமாக ஸ்கிளிரன்கைமா; அதன் உட்புறம் பாரன்கைமாவில் பதிந்து, ஐந்தைந்தாக இரு வரிசையில் வாஸ்குலார் கற்றைகள்; நடுவில் வெற்றிடம். ஒவ்வொரு கற்றையிலும் சைலக் குழாய்கள் மிகப் பெரியவையாக இருப்பதால் கைவில்லையிலேயே துளைகளாகத் தெரியும். பெரும்பாலான பிற தாவரங்களில் சைலத்தின் வெளிப்புறம் மட்டும் ஃபுளோயம் இருக்க, பூசணியில் இருபுறமும் உண்டு. இதன் சல்லடைக் குழாய்கள் அகலமானவை என்பதால், மெல்லிய சீவலில் நுண்துளைகள் நிறைந்த சல்லடைத் தட்டைக் காணும் வாய்ப்பும் இங்கேதான் அதிகம். ஒன்றில் கிடைக்காவிட்டால் வேறு சீவல்களில் தேடுங்கள், கிடைக்கும்.

அதற்குப் பின் மக்காச்சோளத் தண்டை வெட்டிப் பாருங்கள். கோலன்கைமா இல்லை, புறத்தோலுக்கு அடியில் ஸ்கிளிரன்கைமாவே இருக்கிறது. கற்றைகள் வரிசையின்றிச் சிதறி, ஓரத்தில் நெருங்கியும் நடுவில் விலகியும் காணப்படும். ஒவ்வொரு கற்றையிலும் இரண்டு பெரிய மெட்டாசைலக் குழாய்கள் கண்களாகவும் கீழேயுள்ள புரோட்டோசைல இடைவெளி வாயாகவும் அமைந்து குரங்கு முகம் போலத் தோன்றும். கற்றையைச் சுற்றியுள்ள சிவந்த உறை ஸ்கிளிரன்கைமா. ஃபுளோயம் இரண்டு கண்களுக்கும் மேலே, நெற்றியில் இருக்கும். இங்கே ஃபுளோயம் பாரன்கைமா இல்லை.

படம் வரையும்போது, பாடநூல் படத்தைப் பார்த்து வரையாமல், நுண்ணோக்கியில் தெரிவதை மட்டும் வரையுங்கள். முதலில் செல்களை வரையாமல் திசுக்களின் எல்லைகளை மட்டும் காட்டும் வரைபடம் ஒன்று; பின்பு அதில் ஒரு கற்றையை மட்டும் செல்செல்லாகப் பெரிதாக்கிய படம் ஒன்று. சுவரின் தடிப்பை ஒற்றைக்கோடா இரட்டைக்கோடா என்று பார்த்து வரைந்தால், பாரன்கைமாவும் ஸ்கிளிரன்கைமாவும் படத்திலேயே வேறுபட்டு நிற்கும். நல்ல சீவல் அமைந்துவிட்டால், மூடு வில்லையின் ஓரங்களைத் துடைத்து, நான்கு பக்கமும் நகப்பூச்சு இட்டு உலரவிடுங்கள்; கிளிசரினில் உள்ள சீவல் சில வாரங்களாவது கெடாமல் இருக்கும். வில்லையின் ஒரு முனையில் தாவரத்தின் பெயர், உறுப்பு, குறுக்குவெட்டா நெடுக்குவெட்டா என்பது, இட்ட சாயம், நாள் ஆகியவற்றை உடனே எழுதி ஒட்டிவிடுங்கள்.